குதிரை தானாகத்தான் சாய்ந்தது

உட்காருங்கள் தம்பி. நிற்கிற ஆளோடு அண்ணாந்து பேசினால் எனக்குக் கழுத்து வலிக்கும்.

நீங்கள் ஜெயசீலனின் அண்ணன்தானே? மூக்கே சொல்கிறது. கழுத்தில் தொங்குவது வார்டு பாஸ்தானே? ஒரு ஆளுக்கு ஒரு பாஸ் என்கிறார்கள். வாசலில் நிற்கிறாளே அந்த செக்யூரிட்டிப் பெண், இரண்டு தடவை என்னைத் திருப்பிவிட்டாள். "பாஸ் இருக்கறவங்கள வெளிய வரச் சொல்லுங்க தாத்தா" என்கிறாள். தாத்தாவாம்.

என் பேர் எத்திராஜ். பழைய ஜாக்கி. இந்த ஊரில் குதிரை ஓட்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு தெரிந்து நீங்கள் கத்துவதைவிட இப்போதே கத்தலாம். நான் தயாளனின் மாமனார்.

ஆமாம். அந்தத் தயாளன்தான்.

எழுந்திருக்காதீர்கள். அடிப்பதென்றால் நான் பேசி முடித்தபிறகு அடியுங்கள். எழுபது தாண்டியவன், ஓடிவிட மாட்டேன். அப்படி. உட்காருங்கள்.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. ரேஸ்கோர்ஸிலிருந்து ஓர் அதிகாரி இங்கே வருவார். உங்கள் தம்பியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். ஒரே கேள்வி கேட்பார். ஞாயிற்றுக்கிழமை அந்த வளைவில் என்ன நடந்தது? அதற்கு உங்கள் தம்பி ஒரே வரி சொல்ல வேண்டும். "என் குதிரை தானா சாஞ்சிச்சு சார்." அவ்வளவுதான். அதைச் சொல்லச் சொல்லி நீங்கள் அவனிடம் சொல்ல வேண்டும். அதற்குத்தான் வந்தேன்.

முறைக்காதீர்கள். உங்களுக்கு ரேஸைப் பற்றி என்ன தெரியும்? செங்கம் பக்கம் கரும்பு போடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நான் வந்து உங்கள் கரும்பைப் பற்றிப் பேசுகிறேனா? கேளுங்கள்.

வளைவில் பத்துப் பன்னிரண்டு குதிரைகள் ஒரே கொத்தாக வரும். முன்னால் போகிறவன் நினைத்தபடி குறுக்கே போக முடியாது. பின்னால் வருகிற குதிரைக்கும் தன் குதிரைக்கும் நடுவே இரண்டு குதிரை நீளம் இடம் இருந்தால்தான் போகலாம். இடமில்லாமல் போனால் பின்னால் வருகிறதன் முன்னங்கால், முன்னால் போகிறதன் பின்னங்குளம்பில் தட்டும். தட்டினால் முடிந்தது. அரை டன் உடம்பு தலைகுப்புறப் போகும். அதற்கு முன்னால் ஜாக்கி போய்விடுவான். அதற்குப் பின்னால் மிச்சக் குதிரைகள் எல்லாம் அவன்மேல் வரும்.

அப்படி ஒருவன் குறுக்கே போனால் ஸ்டூவர்ட்டுகள் கூப்பிட்டு விசாரிப்பார்கள். ஸ்டூவர்ட் என்றால் ரேஸ்கோர்ஸ் நீதிபதி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். இந்தப் பக்கம் ஜாக்கிகள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். படம் போட்டுக் காட்டுவார்கள். வேண்டுமென்றே இடித்தான் என்றால் அது ஒரு குற்றம். கவனமில்லாமல் இடித்தான் என்றால் அதற்கு "கேர்லெஸ் ரைடிங்" என்று பெயர். வாரக்கணக்கிலும் சஸ்பென்ட் பண்ணலாம், மாதக்கணக்கிலும் பண்ணலாம். பயத்தில் இடித்தான் என்றால்? அதற்குப் பெயர் வைக்கவில்லை.

படத்தில் எல்லாம் தெரிந்துவிடாது. வளைவில் தூசு. குதிரையை மறைத்துக் குதிரை. கடைசியில் இடிபட்டவன் வாயைத்தான் பார்ப்பார்கள். இடிபட்டவன் என்ன சொல்வான்? அங்கேதான் ஜாக்கி யார், மற்றவன் யார் என்று தெரியும். ஜாக்கி ஜாக்கியைக் காட்டிக் கொடுக்கமாட்டான். "குதிரை தானா சாஞ்சிச்சு சார்" என்பான். என் காலத்திலும் அதே வரி, எனக்கு முந்தினவர்கள் காலத்திலும் அதே வரி. குதிரை வந்து இல்லை என்று சாட்சி சொல்லப் போகிறதா?

சிரிக்கலாம், தப்பில்லை. நாங்களும் சிரிப்போம், வெளியே வந்தபிறகு.

பாஸா? கொடுங்கள். உள்ளே போய் நானே அவனிடம்... இருங்கள். இருங்கள், கழற்றாதீர்கள். முழுதும் கேட்டுவிடுங்கள். அரைகுறையாகக் கேட்டுவிட்டு நாளைக்கு ஊரில் போய் வேறு மாதிரிப் பேசுவீர்கள்.

இந்த சீசன் ஆரம்பத்தில் நடந்ததை உங்கள் தம்பி உங்களிடம் சொன்னானா? சொல்லியிருக்கமாட்டான். அதே வளைவுதான். அன்றைக்குக் குறுக்கே போனவன் உங்கள் தம்பி. ஆமாம், ஜெயசீலன். இரண்டு குதிரை நீளம் எங்கே, ஒரு முழம்கூட இடமில்லை. பின்னால் வந்தவன் என் மருமகன். தட்டியது. விழுந்தான். காலர் போன் முறிந்தது, விலா எலும்பு முறிந்தது. அவன்மேல் எத்தனை குதிரை போயிற்று என்று அவனே எண்ணினானாம். கண்ணை மூடிக்கொண்டு, குளம்புச் சத்தத்தை வைத்து எண்ணினானாம். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். "அந்தக் கதய விடுடா, எண்ணிப் பரிசா குடுக்கறாங்க?" என்று அதட்டினேன். அப்போது நிறுத்தினான்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கழுத்தில் கட்டிய தூளியில் கை தொங்குகிறது. ஆட்டோவில் போகும்போதே கேட்டான்.

"மாமா, உள்ளதச் சொல்லிடவா?"

"என்ன உள்ளது?"

"அவன் திரும்பிக்கூடப் பாக்கல மாமா. எப்பவுமே பாக்கறதில்ல. இன்னொரு நாள் எவனாவது செத்துருவான்."

"செத்தவன் வந்து சொல்லிக்கட்டும். நீ உயிரோட இருக்கல்ல? குதிரை தானா சாஞ்சிச்சுன்னு சொல்லு. எத்திராஜ் வீட்ல பொண்ணு எடுத்தவன் எவனையும் போட்டுக் குடுத்தான்னு பேரு வரக்கூடாது."

சொன்னான். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். அப்படியே சொன்னான். ஸ்டூவர்ட் ஒருவர், நல்ல மனுஷன், மறுபடியும் கேட்டார். "யோசிச்சுச் சொல்லுப்பா. இவன நிறுத்தி வைக்கறது உங்க எல்லாரோட உயிருக்காகத்தான்." தயாளன் அதையே சொன்னான். உங்கள் தம்பியைக் கண்டித்து அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள்கூட சஸ்பென்ஷன் இல்லை. அடுத்த ரேஸ் நாளே குதிரை ஏறினான்.

அன்று சாயங்காலம் உங்கள் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தான். அது ஒழுங்கு. கையில் ஒரு பை சாத்துக்குடி. என் காலைத் தொட்டான். "மாமா, உசுரக் குடுப்பேன்" என்றான். நல்ல பையன். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. என் மகள் புனிதா இருக்கிறாளே, அவள் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. அவன் போனபிறகு அந்தச் சாத்துக்குடிப் பையை எடுத்துக்கொண்டு போய்த் தெருமுனையில் மாட்டுக்குப் போட்டுவிட்டு வந்தாள். எனக்கு ஒன்று உரித்துக் கொடுத்திருக்கலாம். பொம்பளைக் கோபம். அதன்பிறகு அவள் என்னிடம் பேச்சைக் குறைத்துவிட்டாள். சோறு போடுவாள். பேசமாட்டாள்.

எலும்பு கூடியது. தயாளன் மறுபடியும் ஏறினான்.

இங்கேதான்... தண்ணீர் இருக்கிறதா? வேண்டாம், பரவாயில்லை.

ஏறினான், ஆனால் ஆள் பழைய ஆள் இல்லை. ரேஸ் நாள் காலையில் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விடுவான். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். கதவைத் தட்டினேன். "எவ்வளவு நேரம்டா குளிப்ப, கார்ப்பரேஷன் தண்ணி வரதே அரமணி நேரம்." கதவைத் திறந்தான். உடம்பு நனையவே இல்லை. வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். வாந்தியெடுக்கிற சத்தம் வெளியே கேட்கக்கூடாதென்று குழாயைத் திறந்து வைத்திருக்கிறான். சட்டைப் பொத்தானை அவனால் போட்டுக்கொள்ள முடியவில்லை. புனிதா போட்டுவிட்டாள். போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

நான் அவனைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னேன். "இதப் பாரு. உன் பயம் இருக்கே, அது கடிவாள வார் வழியா குதிரை வாய்க்குப் போயிரும். குதிரைக்கு எல்லாம் தெரியும். ஆம்பளையா ஓட்டு." நல்ல வார்த்தைதானே? என்ன தப்பு அதில்? அவன் தலையை ஆட்டினான். "நீங்க பயந்ததே இல்லியா மாமா?" என்று கேட்டான்.

நான் எதற்குப் பயப்பட வேண்டும்? விழாத ஜாக்கி உண்டா? நானும் விழுந்தேன். நான் ஓட்டுவதை விட்டது முழங்கால் கோளாறினால். ஒருநாள் குதிரைகளைச் சுற்றி நடத்துகிற இடத்தில் சைஸ், அதாவது குதிரைக்காரன், என் காலைத் தூக்கி ஏற்றிவிட வந்தான். முழங்கால் மடங்கவில்லை. அப்படியே நின்றது. எவ்வளவோ பார்த்தான். மடங்கவே இல்லை. சைஸ் என்னவோ சிரித்தான். மறுநாள் டாக்டரிடம் போனேன். ஒன்றுமில்லை என்றார். டாக்டர்களுக்கு என்ன தெரியும்? அதோடு விட்டேன். முழங்கால்தான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அவசரப்படுத்தாதீர்கள்.

நான் ரேஸைக் கண்ணால் பார்ப்பதில்லை. தூசு ஒத்துக்கொள்ளாது. லாயத்துப் பக்கம் குழாயடி ஒன்று இருக்கிறது. ஓட்டப்பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அங்கே நிற்பேன். ஒலிபெருக்கியில் வர்ணனை கேட்கும். யார் முன்னே, யார் பின்னே, எல்லாம் சொல்லிக்கொண்டே வருவான். தயாளன் நான்காவதாக வருகிறான். பாதையோர வேலியிலிருந்து கொஞ்சம் தள்ளி. வேலிக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு குதிரை நுழைகிற இடம். அந்த இடத்துக்கு யார் வருகிறான்? ஜெயசீலன். பேரைச் சொன்னதும் எனக்கு... குழாயைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது வர்ணனை நின்றது.

தம்பி, வர்ணனை நிற்கவே கூடாது. மழையடித்தாலும் நிற்காது, மின்சாரம் போனாலும் வேறு வழி பண்ணிச் சொல்வார்கள். நின்றால் ஆள் விழுந்துவிட்டான் என்று பொருள். யார் விழுந்தான் என்று சொல்வதற்கு முன்னால் அவனுக்கே தொண்டை அடைக்கும், அதுதான் அந்த நிறுத்தம். கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. 'ஆ' என்று இல்லை. மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். ஆயிரக்கணக்கான பேர் ஒன்றாக இழுத்தால் எப்படி இருக்கும்? அப்படி. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். திரும்பினால் தெரிந்துவிடும். திரும்பவில்லை. புனிதாவின் கல்யாணப் புடவை என்ன கலர் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். ஏன் அதை யோசித்தேன், தெரியவில்லை. கலர் ஞாபகம் வரவேயில்லை.

பிறகு பேரைச் சொன்னார்கள். ஜெயசீலன் என்றார்கள்.

குழாயடியிலேயே உட்கார்ந்து சாமியைக் கும்பிட்டேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

என்ன முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள்? என் பிள்ளை இல்லை என்று தெரிந்தால் யாரும் கும்பிடத்தான் செய்வான். நீங்களும் கும்பிடுவீர்கள்.

நடந்ததைத் தயாளன் எனக்குச் சொன்னான், வேறு யாருக்கும் சொல்லவில்லை. காதுக்குப் பின்னால் குளம்புச் சத்தம் கேட்டிருக்கிறது. "எடம் விடுடா" என்று ஜெயசீலன் கத்தியிருக்கிறான். அது ஜெயசீலன் குரல் என்று தெரிந்ததும் இவன் கை தானாக வாரை இழுத்துவிட்டது. எந்தப் பக்கம்? சத்தம் வந்த பக்கமே. சைக்கிள் பழகுகிறவன் பள்ளத்தைப் பார்த்துப் பயந்தால் பள்ளத்திலேயே போய் விழுவான் இல்லையா, அந்த மாதிரி. இவன் குதிரை உள்ளே போய் அந்தச் சந்தை மூடிவிட்டது. உங்கள் தம்பிக்கு இந்தப் பக்கம் வேலி, அந்தப் பக்கம் குதிரை. அப்புறம் உங்களுக்கே தெரியும். அவன் குதிரை எழுந்து ஆளில்லாமலே ஓடிப்போய் ரேஸ் முடிகிற கோட்டைத் தாண்டி நின்றதாம். அதற்கு ஒரு கீறல் இல்லை.

தொடை எலும்பு என்றார்கள். பெரிய கம்பி வைத்திருக்கிறார்களாமே? நடப்பான் இல்லையா? கொஞ்சம் சாய்ந்து நடப்பானா. நடந்தால் போதும். ஏறுவது... ஏறுவதைப் பற்றி டாக்டர் என்ன சொன்னார்?

சரி. சரி. விடுங்கள்.

இப்போது சொல்லுங்கள். நாங்கள் அன்றைக்குச் செய்ததை இன்றைக்கு நீங்கள் செய்யுங்கள் என்கிறேன். வேறென்ன கேட்கிறேன்? உங்கள் தம்பி வாயைத் திறந்து "தயாளன் இழுத்தான்" என்றால் சீசன் முழுக்க சஸ்பென்ஷன். அடுத்த சீசனில் எவன் கூப்பிட்டுக் குதிரை கொடுப்பான்? 'இடிக்கிறவன்' என்று பேர் வந்தால் போகாது. புனிதா என்ன சொல்கிறாள் தெரியுமா? நேற்றைக்குத்தான் வாயைத் திறந்தாள், இத்தனை நாளுக்கு அப்புறம். "சஸ்பென்ட் பண்ணட்டும்பா. ஆயுசுக்கும் பண்ணட்டும். நான் நல்லெண்ணெய் விளக்கு போடறேன்" என்கிறாள். புருஷன் வேலை போகட்டும் என்று விளக்குப் போடுகிறவளை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? "எனக்கு ஜாக்கி வேணாம்பா, புருஷன் வேணும்" என்கிறாள். என்ன பேச்சு இது? அவள் அம்மா இப்படி ஒருநாள் பேசியதில்லை. ரேஸ் நாளில் வாசலில் உட்கார்ந்திருப்பாள், நான் தெருமுனை திரும்பினதும் எழுந்து உள்ளே போய்விடுவாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

தயாளன் என்ன சொல்கிறானா? அவன் என்ன சொல்ல இருக்கிறது? நான் சொன்னதைச் சொல்வான். இன்றைக்கு அவனையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நானும் வருகிறேன் என்றேன். "வேணாம் மாமா, நானே போய்க்கிறேன்" என்றான். சரி, அதுவும் நல்லதுதான், நான் இங்கே வர வேண்டியிருந்தது.

மறுபடியும் பாஸைக் கழற்றுகிறீர்களே! எதற்கெடுத்தாலும் அவசரம். கொஞ்சம் பொறுத்துத்தான் போகிறேனே. அவனுக்கு வலி இருக்கும். தூங்குவான். நான் போய் நின்றால் கண்ணைத் திறந்து பார்ப்பான். பார்த்தால் என்ன, பார்க்கட்டும். இந்த முழங்கால் வேறு.

என்ன சொன்னீர்கள்?

எப்போது வந்தார்?

காலையிலேயேவா? அந்த அதிகாரியா? வழுக்கைத் தலை, கையில் குடை? அவரேதான். வந்துவிட்டுப் போய்விட்டாரா? நான் இவ்வளவு நேரம் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருக்கிறேன், நீங்கள் கரும்புக் கட்டை மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்களே! என்ன சொன்னான்? உங்கள் தம்பி என்ன சொன்னான்?

சொல்லுங்கள் தம்பி. உங்கள் காலைப் பிடிக்கவா?

"என் குதிர தானா சாஞ்சிச்சு சார். தயாளன் மேல தப்பில்ல."

அப்படியேவா? அந்த வார்த்தையேவா? நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களா?

பார்த்தீர்களா! நான் சொன்னேனா இல்லையா? ஜாக்கி என்றால் அவன் ஜாக்கி. கம்பி வைத்த காலோடு படுத்துக்கொண்டு சொன்னானே! யாரும் சொல்லிக் கொடுக்காமல்! எங்கே கையைக் கொடுங்கள். உங்கள் வீட்டில் பிறந்தது ரத்தினம்.

அப்புறம் என்னவோ சொன்னான் என்கிறீர்களே. உங்களிடமா? "அன்னிக்கே என்ன ரெண்டு மாசம் நிறுத்தி வச்சிருந்தா, நான் திரும்பிப் பாக்கக் கத்துக்கிட்டிருப்பேன்ணா. தயாளனும் இப்படி ஆயிருக்க மாட்டான்." அதெல்லாம் ஊசி மயக்கத்தில் பேசுவது. இருந்தால், ஆகியிருந்தால் என்று பேச ஆரம்பித்தால் முடிவு ஏது? முக்கியமானதைச் சொல்லிவிட்டான். அது போதும்.

முடிந்தது. தப்பித்தோம். இடிபட்டவனே தப்பில்லை என்று சொல்லிவிட்டால் ஸ்டூவர்ட் என்ன செய்ய முடியும்? தயாளனை விட்டுவிடுவார்கள். லைசென்ஸ் அப்படியே இருக்கிறது. பேரும் கெடவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு நல்ல குதிரை இருக்கிறது. ஏறலாம்.

ஏறுவான்.

ஞாயிற்றுக்கிழமை.

அந்தக் குதிரை கொஞ்சம் முரடு. கேட் திறந்தவுடன் இழுத்துக்கொண்டு போகும், கையில் பலம் வேண்டும். அந்தக் கையால் பொத்தான் போட முடியவில்லை. ஓடப்போவதும் பெரிய கூட்டம். வளைவு அதே வளைவுதான், வேறு வளைவா இருக்கிறது? உங்கள் தம்பி இல்லாவிட்டால் என்ன, பின்னால் இன்னொருவன் வருவான். கத்துவான். ரேஸ் என்றால் எல்லோரும் கத்தத்தான் செய்வார்கள். இவன் கை...

நான் குழாயடியில் நிற்பேன். வர்ணனை...

தண்ணீர் கொடுங்கள் தம்பி. இருக்கிறதா? உங்கள் பாட்டிலா, பரவாயில்லை கொடுங்கள்.

ஒன்றுமில்லை. காலையில் சாப்பிடவில்லை. அதுதான்.

போன் அடிக்கிறதே, என்னுடையதா? சட்டைப் பையில்தான் இருக்கிறது. நீங்கள் எடுங்கள். எடுத்து யார் என்று பாருங்கள். கண்ணாடி கொண்டுவரவில்லை, எழுத்து கண்ணுக்குத் தெரியாது. புனிதா என்று போட்டிருக்கிறதா? அவள் எனக்குப் போன் செய்யமாட்டாளே. இந்நேரத்துக்கு எதற்குச் செய்கிறாள்? எதற்காக இருக்கும்? நீங்கள் பேசுங்கள். வேண்டாம், என் காதில் வையுங்கள்.

"என்னம்மா? என்ன ஆச்சு? அவன் எங்க?"

"..."

"எங்கடி அவன்? நல்லா இருக்கானா? மொதல்ல அதச் சொல்லு."

"..."

"என்ன சொன்னான்? யாருகிட்ட? ஸ்டூவர்ட்டுங்க கிட்டயா? புத்தி கெட்டுப் போச்சா அவனுக்கு? அவனக் கூப்புடு. சாப்டறானா? என்ன சாப்டறான்? ... சரி. சரி. வையி."

வைத்துவிட்டாள்.

கேளுங்கள் கதையை. உங்கள் தம்பி சொன்னதை அவர்கள் முதலில் வாசித்துக் காட்டினார்களாம். "உன்மேல தப்பில்லன்னு அவனே சொல்லிட்டான், நீ போலாம்" என்றார்களாம். இவன் போகவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றானாம். "குதிரை சாயல சார். நான்தான் இழுத்தேன். பயத்துல இழுத்துட்டேன். மொத தடவையும் குதிரை சாயல. அப்பவும் பொய் சொன்னேன்" என்றானாம். நாலு கோட்டுக்காரர்களுக்கு நடுவில் நின்று! பயத்தில் என்று! எந்த ஜாக்கியாவது அந்த அறையில் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறானா? சீசன் முழுக்க சஸ்பென்ட். பொய் சொன்னதற்கு அதற்கு மேலேயும் சேர்த்து. இவன் "தேங்க்ஸ் சார்" என்றானாம். தண்டனை கொடுத்தவர்களுக்கு தேங்க்ஸ்!

இங்கே ஒருவன் கால் முறிந்து படுத்துக்கொண்டு அவனுக்காகப் பொய் சொல்கிறான், அங்கே இவன் போய் அதைக் கெடுத்துவிட்டு வருகிறான். யாரிடம் போய் இதைச் சொல்வது?

வீட்டுக்கு வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல், சோறு கேட்டானாம். தம்பி, ஜாக்கி சோறு தின்னமாட்டான். எடை ஏறிவிடும். இரண்டு சப்பாத்தி, ஒரு முட்டை, அவ்வளவுதான். நான் இத்தனை வருஷம் அவனுக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், ஒருநாள் அவன் ஒரு கவளம் சோறு உருட்டி நான் பார்த்ததில்லை. இப்போது அடுப்படியிலேயே தரையில் உட்கார்ந்து குழம்பு ஊற்றிப் பிசைந்து தின்கிறானாம். இரண்டாம் தடவை போட்டாளாம். மூன்றாம் தடவையும் தட்டை நீட்டினானாம். சொல்லிக்கொண்டே இருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா, எனக்கு விளங்கவில்லை. கடைசியில் "அப்பா, நீங்களும் வாங்க, சோறு இருக்கு" என்றாள்.

சீசனே போய்விட்டது. பேர் போய்விட்டது. அவர்கள் சோறு தின்கிறார்கள்.

நான் திட்டத்தான் வாயைத் திறந்தேன். நீங்களே பார்த்தீர்கள். வரவில்லை. "சரி, வையி" என்றுதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் ஏறமாட்டான்.

என்ன தம்பி பார்க்கிறீர்கள்? இந்தக் கையா? அது இப்படித்தான், இந்த ஆஸ்பத்திரி ஏசி எனக்கு ஆகாது. கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லை, இறுக்கி. இன்னும் இறுக்கிப் பிடியுங்கள். நடுக்கம் நிற்கிற வரைக்கும் விடாதீர்கள்.